யசிந்தாவின் காபரேற்றர்

குருநகர்க் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர்கள் முப்பது பேர். அதில் இருபத்தொன்பது பேர் ஆண்கள். மிச்ச ஒருத்தி யசிந்தா. இறந்துபோன புருசனின் நீளக் களிசானை இடுப்பில் மடித்துச் செருகி, அவனுடைய முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, காலை ஆறரைக்கெல்லாம் அவள் கல்வியங்காட்டைத் தாண்டிவிடுவாள். கோண்டாவில், உரும்பிராய் என்று சுற்றிவிட்டு வீடு வரப் பன்னிரண்டு மணியாகும்.

புருசன் கனிசியஸ் இறந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பது தை மாதம். கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வள்ளத்துக்குள்ளேயே சரிந்தான். கரைக்குக் கொண்டுவரும்போது உடம்பு குளிர்ந்திருந்தது. சவப்பெட்டிக்குச் சொன்னது, சேமக்காலையில் குழி வெட்ட ஆள் பிடித்தது, பந்தல் போட்டது எல்லாம் யாகோப்பு. கனிசியஸும் அவனும் ஒரே ஒழுங்கையில் பிறந்து, ஒரே நாளில் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கியவர்கள். யசிந்தாவின் ஒரே மகள் ஜெசிதாவுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற சின்னக் கடை வைத்திருந்தான்.

அடக்கம் முடிந்து மூன்று மாதம் யசிந்தா வீட்டைவிட்டு இறங்கவில்லை. கனிசியஸின் மோட்டார் சைக்கிள் விறாந்தையில் நின்றது. பழைய யப்பான் சைக்கிள், நூற்றிருபத்தைந்து சிசி. அரியாலையில் ஒரு வாத்தியார் பன்னிரண்டு வருசம் ஓடிவிட்டு விற்றதைக் கனிசியஸ் வாங்கியிருந்தான். வித்துவிடு என்று சொந்தக்காரர் சொன்னார்கள். யாகோப்பு மட்டும் வேறு விதமாகச் சொன்னான்.

"வித்துத் திண்டா எத்தினை நாளைக்குப் பிள்ளை? ஓடப் பழகு. நான் பழக்கிவிடுறன்."

தேவாலயத்துக்குப் பக்கத்து விளையாட்டு வெளியில், விடியக் காலையில், பின்னால் பிடித்தபடி ஓடி ஓடி அவன்தான் பழக்கினான். முப்பத்தொன்பது வயதில் அவள் இரண்டு தரம் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். மூன்றாம் கிழமை தனியே ஓடினாள். இதை யசிந்தா எந்தக் காலத்திலும் மறந்ததில்லை. பின்னால் நடந்ததை நினைத்துக் கசந்த நேரங்களிலும் இது நினைவுக்கு வரும். வந்து இன்னும் கசக்கும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு வைகாசியில் யாகோப்பின் மூத்த மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை எமில்ராஜ், பாசையூர்ப் பெடியன். சீதனத்தோடு ஒரு மோட்டார் சைக்கிளும் பேச்சு. புதுச் சைக்கிள் நாட்டுக்குள் வருவது நின்று இரண்டு வருசமாகியிருந்த காலம். பழசுகள் பவுண் விலைக்கு ஏறியிருந்தன. உதிரிச் சாமானும் இல்லை. யாகோப்பு எங்கேயோ கிடந்த ஒரு யப்பான் சைக்கிளை வாங்கி, கழற்றிப் பூட்டி, சிவப்பு மை அடித்து நிறுத்தினான். கலியாணத்துக்கு முதற் கிழமை யசிந்தாவிடம் வந்து, "உன்ரை சைக்கிளையும் ஒருக்கா விட்டிட்டுப் போ பிள்ளை. கன நாளாச் சேர்விஸ் செய்யேல்லை," என்றான். அவள் விட்டுவிட்டு, கலியாண வீட்டுக்கு நண்டு உடைக்கப் போனாள். இரண்டு நாள் நின்று நாற்பது கிலோ நண்டு துப்புரவாக்கினாள். விரல்களெல்லாம் முள்ளுக் கீறல். சைக்கிள் கழுவித் துடைத்து, ஒயில் மாற்றி வீடு வந்தது.

ஒழுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதலில் அவள் அதைத் தன் கவனக்குறைவு என்றே நினைத்தாள். கரையில் நிறுத்திவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்த் திரும்பினால் சைக்கிளுக்குக் கீழே மணல் நனைந்திருக்கும். பெற்றோல் மணம் மூக்கில் அடிக்கும். யாகோப்பு வந்து பார்த்தான். ஸ்பானரின் பிடியால், எஞ்சினுக்குப் பெற்றோல் விடுகிற காபரேற்றரை இரண்டு தட்டுத் தட்டினான். ஒழுக்கு நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் தொடங்கியது.

"வாசர் தேஞ்சு போட்டுது," என்று வாசர் மாற்றினான். பிறகு, "பெற்றோல் ராங்கிக்குள்ளை துரு. துரு வந்து ஊசியிலை குந்துது," என்று ராங்கியைக் கழற்றிக் கழுவினான். அதற்கும் பிறகு, "பெற்றோல் கூடுதலா ஏறுது," என்று உள்ளே இருக்கிற மிதவையின் நாக்கை வளைத்துவிட்டான். அன்றைக்கு ஒழுக்குக் குறைந்தது. ஆனால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதாமல் கோண்டாவில் சந்தியில் சைக்கிள் மூன்று தரம் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்து அடித்துத் திட்டினான். மறுநாள் யாகோப்பிடம் போய் நாக்கைப் பழையபடி நிமிர்த்துவித்துக்கொண்டு வந்தாள்.

"பொம்பிளையள் கிளச்சையும் அக்சிலேற்றரையும் போட்டு இழுக்கிற இழுவைக்குக் காபரேற்றர் என்ன செய்யும்?" என்று யாகோப்பு சிரித்தான். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். யசிந்தாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்குக் கைக்கும்.

சும்மா காலமாக இருந்தால் ஒழுகுகிற பெற்றோலைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அது நாடு முழுக்கப் பெற்றோலுக்குத் தவம் கிடந்த காலம். ஆனி மாதத்தில் அவள் ஒரு தரம் இரண்டு பகலும் ஓர் இரவும் வரிசையில் நின்று ராங்கியை நிரப்பினாள். ஆவணி தொடங்கக் கைத்தொலைபேசியில் கியூஆர் கோட் காட்டினால் கிழமைக்கு நாலு லீற்றர் என்று வந்தது. அந்த நாலு லீற்றரில் ஒரு லீற்றருக்கு மேல் றோட்டுக்கு ஊற்றிக்கொண்டு போனாள். கிழமைக்கு ஐந்து நாள் ஓடியவள் மூன்று நாளாகக் குறைத்தாள்.

பெற்றோல் போனது ஒரு பக்கம். மணம் மற்றப் பக்கம். ஓடுகிற வேகத்தில் துளிகள் காற்றில் சிதறிப் பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டியில் படிந்தன. மூன்று வருசமாக அவளுக்காகவே காத்திருந்து மீன் வாங்குகிற கோண்டாவில் வீடொன்றில், கேற்றுக்குள் நின்றபடியே அந்த அம்மா சொன்னாள்:

"குறை நினையாதையும் யசிந்தா. செவ்வாய்க்கிழமை தந்த பாரை மீனிலை பெற்றோல் மணத்தது. பிள்ளையள் வாயிலை வைக்கேல்லை."

"நல்லாக் கழுவித்தானம்மா பெட்டியைக் கட்டினனான்."

"கழுவியிருப்பீர். ஆனா மணத்ததே."

அந்த ஒழுங்கையில் அன்றைக்கு ஒருவரும் வாங்கவில்லை. இரண்டு கிலோ திரளியும் பாரைத் துண்டுகளும் வீட்டுக்குத் திரும்பி வந்தன. ஜெசிதா சோற்றில் கை வைத்துவிட்டு, "மணக்குதுதான் அம்மா," என்றாள்.

உரும்பிராயில் சுதாகரன் என்றொருவன் இருந்தான். தோட்டக்காரர்களின் தண்ணீர் இறைக்கிற பம்பு மெசின்களைத் திருத்துகிறவன். சைவசமயக்காரன், வெள்ளி, செவ்வாய் மீன் தொடமாட்டான். மற்ற நாளில் யசிந்தாவிடம் சூடை மீன் வாங்குவான். அதிகம் கதைக்காத ஆள். ஆவணி நடுவில் ஒருநாள் அவன் வீட்டுப் படலையடியில் சைக்கிள் நின்றது, பிறகு எழும்பவே இல்லை. உதைத்து உதைத்து அவளுக்குக் கால் விறைத்தது. சுதாகரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"விடுங்கோ அக்கா. நான் ஒருக்காப் பாக்கிறன்."

"காபரேற்றர்தான் தம்பி. எல்லாம் மாத்தியாச்சு. எங்கடை ஆள் பாத்தவர்."

அவன் பெற்றோல் குழாயைப் பூட்டினான். பழந்துணியால் காபரேற்றரை ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்தான். நிலத்தில் ஒரு கடதாசியை விரித்து வைத்து, குழாயைத் திறந்துவிட்டுக் குந்தியிருந்து பார்த்தான். ஒரு நிமிசம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் தொங்குகிற மெல்லிய றப்பர்க் குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு விழுந்தது. அடுத்தது. பிறகு நூல் போல வந்தது.

"வாசராலை வரேல்லை," என்றான். "வாசர் காய்ஞ்சு கிடக்கு. அது மாத்தினது வீண் வேலை. உள்ளுக்கை பெற்றோல் நிறைஞ்சாப் பிறகும் வழி அடைபடேல்லை. அதுதான் மிச்சம் வெளியாலை வழியுது."

கழற்றினான். அடிக்கிண்ணத்தை எடுத்துவிட்டு உள்ளே இருந்த மிதவையைக் காதடியில் வைத்துக் குலுக்கினான். ஓட்டை விழுந்து பெற்றோல் புகுந்திருந்தால் சலசலக்கும். சலசலக்கவில்லை. ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் போட்டான், மிதந்தது. மிதவை மேலே எழும்பும்போது வழியை அடைக்கிற ஊசியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான், தேயவில்லை, புதிசு. எல்லாவற்றையும் மறுபடி பொருத்தி, காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் வருகிற குழாயில் வாயை வைத்து ஊதினான். அடைபட வேண்டிய காற்று உஸ்ஸென்று உள்ளே போனது.

"ஊசி நல்லது. ஊசி குந்திற இடந்தான் பிழை." கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அந்தத் துவாரத்தைக் காட்டினான். விளிம்பு சொரசொரத்திருந்தது. "இது வாங்கேக்கையே இப்பிடித்தான் இருந்திருக்கும். இதை எங்கை வாங்கினனீங்கள்?"

"வாங்கேல்லை. சைக்கிளோடை வந்தது."

"இது இந்தச் சைக்கிளின்ரை இல்லை அக்கா. யப்பான் சாமானெண்டா உடம்பிலை நம்பர் வார்த்திருக்கும். இதிலை ஒண்டுமில்லை. உது கள்ளக் கொப்பி, போலிச் சாமான்."

யசிந்தா துணியில் கிடந்த ஆணிகளைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பிடிக்கிற நாலு ஆணி. நாலும் வெள்ளை. நாலும் ஒரே அளவு.

"இதிலை ஒண்டு பித்தளை ஆணி," என்றாள். "பெரிசு. பழைய ஆணியின்ரை புரி அழிஞ்சு போச்செண்டு என்ரை மனிசன் வள்ளத்து மெசினிலை இருந்து கழட்டி அறுத்துப் போட்டவர். நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

சுதாகரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு துணியை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

"கழட்டினவருக்குத்தான் தெரியும்," என்றான்.

கனிசியஸ் போன பிறகு கழற்றியது ஒரே ஒரு ஆள். வேறு எவருடைய கையும் அந்தச் சைக்கிளில் பட்டதில்லை. ஆனாலும் அவள் நாலு நாள் தனக்குத்தானே சாட்டுச் சொல்லிப் பார்த்தாள். கனிசியஸே மாற்றியிருப்பான். அரியாலை வாத்தியார் காலத்தில் நடந்திருக்கும். பித்தளை ஆணி பிடித்தது கனவு. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வரும்போது மதிலோடு எமில்ராஜின் சிவப்புச் சைக்கிள் நின்றது. அவள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குந்தினாள். நிமிரவில்லை. காபரேற்றரடியில் மூன்று வெள்ளை ஆணி. ஒரு மஞ்சள் ஆணி. அறுத்த வாளின் கீறல்கூட அப்படியே இருந்தது.

"என்ன அன்ரி, ஏதும் விழுந்திட்டுதோ?" எமில்ராஜ் பின்னால் வந்து நின்றான். நல்ல பெடியன். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"ஓம் தம்பி," என்று சொல்லி எழும்பிப் போனாள்.

திங்கட்கிழமை மீன் விற்று முடித்து, வெறும் பெட்டியோடு யாகோப்பின் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். அவன் ஒரு சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"திரும்பவும் ஒழுகுதோ?"

"அண்ணை, எமில்ராஜின்ரை சைக்கிளிலை கிடக்கிற காபரேற்றர் ஆரின்ரை?"

யாகோப்பின் கை நின்றது. அவன் வெளியே எட்டிப் பார்த்தான். தெருவில் ஒருவருமில்லை. துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கண்ணாலை பாத்தனான்."

"அந்தக் கிழமை நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது பிள்ளை. மாப்பிளை பகுதி சைக்கிளை ஓடிப் பாத்திட்டுத்தான் மற்றக் கதை எண்டு நிண்டவை. கொழும்பு முழுக்கத் தேடினன். உந்தக் கொப்பிச் சாமான் ஒண்டுதான் கிடைச்சது. பூட்டினா ஒழுகுது. இரவிரவா நித்திரையில்லை. கலியாணம் முடியட்டும், திரும்ப மாத்திப் போடுவம் எண்டுதான் இருந்தனான்."

"மூண்டு மாசம் அண்ணை."

"சமயம் வரேல்லை."

"மூண்டு மாசமும் என்னட்டை வாசர் எண்டீர், துரு எண்டீர். நான் ஓடுறது பிழை எண்டீர். எல்லாரையும் வைச்சுச் சிரிச்சனீர்."

யாகோப்பு தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"கனிசியஸ் இருந்திருந்தா, மச்சான் இந்தா எண்டு தானே கழட்டித் தந்திருப்பான்."

"ஓம், தந்திருப்பார். கேட்டிருந்தா நானும் தந்திருப்பன். ஏன் கேக்கேல்லை?"

யாகோப்பு சில்லை மறுபடி கையில் எடுத்தான். கடைசியில், எமில்ராஜுக்குத் தெரியக்கூடாது, ஏதாவது சாட்டுச் சொல்லிச் சைக்கிளைக் கடைக்கு எடுப்பித்து ஒரு கிழமைக்குள் மாற்றித் தருகிறேன் என்றான். மகளின் வாழ்க்கை என்றான். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஒரு கிழமை போனது. அடுத்ததும் போனது. மூன்றாம் கிழமை கேட்கப் போனபோது கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"தாறன் எண்டு சொன்னனான்தானே. ஒவ்வொரு நாளும் வந்து நிண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான் யாகோப்பு.

அதற்குப் பிறகு கரையில் கதை வேறு மாதிரி உலாவியது. மூன்றரை வருசம் ஒரு சதம் வாங்காமல் அவளுடைய சைக்கிளைத் திருத்திக் கொடுத்தானாம், இப்போது அவனையே கள்ளன் என்கிறாளாம், ஏதோ ஒரு பழைய சாமானுக்காக. ஏலத்தில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். கதையில் பாதி உண்மை. அவன் காசு வாங்காமல் திருத்தியது உண்மைதான். அதனால்தான் அவளால் வாயைத் திறந்து மறுக்கவும் முடியவில்லை.

ஐப்பசி தொடங்க எமில்ராஜ் சிவப்புச் சைக்கிளை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனான். வாங்கியவன் வவுனியாவாம். பேர்கூட ஒருவருக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் ஜெசிதாவைக் கூப்பிட்டு இருத்தி, நடந்த எல்லாவற்றையும் யசிந்தா சொன்னாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் என்று நினைத்தாள். ஜெசிதா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு காபரேற்றருக்கே அம்மா இவ்வளவும்?" என்றாள்.

"காபரேற்றருக்கு இல்லையடி."

"அப்பா செத்தண்டைக்கு ஆர் வந்தது? பெட்டியிலை முதல் கை வைச்சுத் தூக்கினது ஆர்? உங்கடை அண்ணன்மார் வந்தவையே? என்ரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உடுப்பு எடுத்துத் தாறது ஆர்? யாகோப்பு மாமா பிழை செய்தவர்தான். நீங்கள் பொறுத்திருக்கலாம்."

யசிந்தாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் மகள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

சைக்கிளைச் சுதாகரனிடமே கொண்டுபோனாள். அவன் ஒரு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, பற்பசை தொட்டு, அந்தச் சொரசொரத்த விளிம்பை அரை மணி நேரம் மெல்ல மெல்லத் தேய்த்தான். பம்பு மெசின் ஒன்றின் றப்பர் நுனி வைத்த ஊசியை அராவிப் பொருத்தினான். ஒழுக்கு முற்றாக நிற்கவில்லை. பத்தில் எட்டுப் பங்கு நின்றது. அடுத்த தரம் ஊசி பிடிக்காமல் போனபோது அவள் தானே கரையில் வைத்துக் கழற்றித் தேய்த்துப் பூட்டினாள். அதற்குக் கால் மணி நேரம் சென்றது. இருபத்தொன்பது ஆண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. கோண்டாவில் ஒழுங்கையில் மூன்று வீடுகள் திரும்ப வாங்கத் தொடங்கின. மற்ற வீடுகள் வேறு ஆளைப் பிடித்துவிட்டன.

கார்த்திகை இரண்டாம் திகதி, செத்த ஆத்துமாக்களின் திருநாள். மீன் விற்று முடியப் பின்னேரமாகிவிட, யசிந்தா வீட்டுக்குப் போகாமல் மெழுகுதிரிக் கட்டோடு நேரே சேமக்காலைக்கு வந்தாள். ஜெசிதா பள்ளிக்கூடத்தில் இருந்து முதலே வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே யசிந்தா கண்டாள். கனிசியஸின் கல்லறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. புல் பிடுங்கித் துப்புரவாக இருந்தது. ஒவ்வொரு வருசமும் யாகோப்பு செய்கிற வேலை. இந்த வருசமும் செய்திருந்தான். தலைமாட்டில் வரிசையாக மெழுகுதிரி எரிந்தது. யாகோப்பு முழங்காலில் இருந்தான். பக்கத்தில் ஜெசிதா. அவன் கண்ணைத் துடைப்பது தூரத்தில் இருந்தே தெரிந்தது. அந்த அழுகையில் கள்ளம் இருந்ததாக அவளால் நினைக்க முடியவில்லை. கள்ளம் இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் உள்ளே போகவில்லை. அவர்கள் எழும்பிப் போகும்வரை மதிலுக்கு வெளியே சைக்கிளடியில் நின்றாள். மழை தூறத் தொடங்கியது. யாகோப்பு குடையை விரித்து ஜெசிதாவின் தலைக்குப் பிடித்துக்கொண்டு மற்ற வாசலால் போனான். யசிந்தா போய்ப் பார்த்தபோது தலைமாட்டில் மெழுகுதிரி வைக்க இடம் இருக்கவில்லை. கால்மாட்டில் வைத்து ஏற்றினாள். மழைக்கு மூன்று தரம் அணைந்தது.

இரவு சாப்பாட்டுக்கு இருந்தபோது ஜெசிதா தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"மாமா கேட்டவர், அம்மா வாசலிலை நிண்டவ, ஏன் உள்ளுக்கை வரேல்லை எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"மீன் நாத்தத்தோடை வரக்கூடாதெண்டு நிண்டவ எண்டு சொன்னனான்."

யசிந்தா மகளின் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். பிறகு எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள்.